இரண்டாம் ஒலித்தடம்

பிப்ரவரி 4

மருமகளுக்கு,

உன் கடிதமும் வக்கீலின் தாளும் ஒரே உறையில் வந்தன. தாளைத்தான் முதலில் பிரித்தேன். 'மேற்படி நபர் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதில் தாயாருக்கு ஆட்சேபணை இல்லை' என்று அடித்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. நீ போட்டதா, வக்கீல் போட்டாரா? யாராக இருந்தாலும் அழுத்திப் போட்டிருக்கிறார்கள். தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

ஏழு வருடம் முடிந்துவிட்டது, சட்டம் அவ்வளவுதான் காத்திருக்கச் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ சட்டத்தைவிட அவசரக்காரி. அணைக்கட்டில் மதகு பார்க்கப் போன இன்ஜினியரைக் காணவில்லை, படகு மட்டும் தானாகக் கரை ஒதுங்கியது என்று ஆள் வந்து சொன்ன பிறகு ஒரு வருடம்கூட நீ இந்த வீட்டில் இருக்கவில்லை. சரி, அதைப் பேசி என்ன ஆகப் போகிறது. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாயாமே. உன் கடிதத்தில் அது இல்லை. வக்கீலின் தாளில் இருக்கிறது.

போனில் பேசிக்கொள்ளலாமே என்கிறாய். இந்த வீட்டுப் போனில் நான் யாரோடும் பேசுவதில்லை. என் பிள்ளை கூப்பிடும் நேரத்தில் லைன் எங்கேஜ்டாக இருந்துவிடக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக உட்கார்ந்து தலைமுடி நரைத்தவள் நான். அந்த 'டொய்ங் டொய்ங்' சத்தம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பிவிடும் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எனக்கு ஒன்று வேண்டும். உங்கள் கல்யாண வரவேற்பு டிவிடி உன்னிடம் இருக்கிறது. நீ கிளம்பிய அன்று பெட்டியின் அடியில் வைத்ததைப் பார்த்தேன், கேட்கவில்லை. எனக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. படம் தேவையில்லை. குரல் போதும். என்னுடைய பிள்ளையின் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அவன் 'அம்மா' என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தால் என் குரலில்தான் கேட்கிறது.

அதை எடுத்து அனுப்பு. பேரம் என்று நினைத்தால் பேரம்தான்.

அத்தை

*

பிப்ரவரி 13

அத்தைக்கு,

வணக்கம். பெருக்கல் குறியைப் போட்டது வக்கீலின் குமாஸ்தா. மன்னியுங்கள்.

கல்யாண விஷயத்தை நானே எழுதியிருக்க வேண்டும். பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரி மட்டும் அடித்தல் திருத்தலாக வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பிழைகளைத் திருத்துகிற வேலை எனக்கு. என் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்த முடியவில்லை.

டிவிடி இருக்கிறது. அதிலிருந்து சத்தத்தை மட்டும் பிரித்து ஒரு சிடியில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஹாலில் இருக்கும் உங்கள் சிடி பிளேயரிலேயே ஓடும். வீடியோ எடுத்தவர் முழுக்க முழுக்கப் பாட்டுப் போட்டு நிரப்பியிருக்கிறார். பாட்டு ஓய்கிற இடங்களில் இவர், உங்கள் பிள்ளை, பேசுவது கொஞ்சம் கொஞ்சம் கேட்கிறது. கேக் வெட்டும்போது, அப்புறம் உங்களைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கூப்பிடும்போது.

கிடைத்ததும் எழுதுங்கள். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருமகள்

*

பிப்ரவரி 20

மருமகளுக்கு,

உன் சிடி வந்தது. பக்கத்து வீட்டு டீச்சர் வந்து போட்டுக் கொடுத்தாள். மூன்று நிமிடம் கேட்டிருப்பேன். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

இதை நீ வேண்டுமென்றே செய்திருக்க மாட்டாய் என்று நம்பப் பார்க்கிறேன். அவன் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறான். 'ச' வரும் இடமெல்லாம் குமிழி விடுகிற மாதிரி உடைகிறது. கைதட்டல் மழை மாதிரி கேட்கிறது. 'அம்மா, இங்க வாங்க' என்று கூப்பிடுகிறான், அது எனக்கு அணைக்கட்டின் அடியிலிருந்து கேட்கிறது.

டீச்சர் சொன்னாள், "நல்லாத்தானே இருக்கு, எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே." அவளுக்குத் தெரியாது. அவள் பெற்ற பிள்ளையா?

தாள் பீரோவில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

அத்தை

*

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று வேலை பார்க்க முடியவில்லை. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

நீங்கள் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. எங்கள் பதிப்பகத்தின் கீழ்த்தளத்தில் ஒலிநூல்கள் பதிவு செய்கிற ஸ்டூடியோ இருக்கிறது. அங்கே இருக்கும் ஒலிப்பதிவாளரிடம் உங்கள் கடிதத்தின் அந்த வரிகளை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். இதற்குச் சிரிக்கவில்லை. "நீங்க எடுத்தது எம்பி3. சத்தத்தைச் சுருக்குறதுன்னா என்ன தெரியுமா? காதுக்குத் தெரியாதுன்னு நம்புறதை எல்லாம் வெட்டிப் போடுறது. உங்க அத்தை காதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். டிவிடியில் ஏற்கெனவே ஒரு முறை சுருக்கிய சத்தத்தை நான் இன்னொரு முறை சுருக்கியிருக்கிறேன். அந்தக் குமிழி அப்படி வந்ததுதான்.

பிறகு டிவிடி வட்டை அவரே கணினியில் போட்டுப் பார்த்தார். வீடியோ கோப்புகளுக்குள் இரண்டு ஒலித்தடங்கள் இருக்கின்றன, அத்தை. ஒன்று, நாம் எப்போதும் கேட்டது, பாட்டுப் போட்டது. இன்னொன்றை யாரும் கேட்டதே இல்லை. ரிமோட்டில் மாற்றினால்தான் வரும். மாற்றலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அதில் பாட்டே கிடையாது. அதோடு அது சுருக்கப்படாதது. இடப்பக்கம் இவர் சட்டைக் காலரில் குத்தியிருந்த சின்ன மைக், வலப்பக்கம் மண்டபத்தின் பொது மைக். அந்தச் சின்ன மைக்கை மாலை முழுக்க யாரும் அணைக்கவில்லை.

இந்த முறை மாற்றிப் பதியவில்லை. வட்டில் எப்படி இருந்ததோ அப்படியே வெளியே எடுத்தோம். ஒரு துளி குறையவில்லை, ஒரு துளி கூடவில்லை. சிடியில் அடித்தால் அதன் அளவுக்கு மாற்ற வேண்டிவரும், அதுவும் மாற்றம்தானே என்று அவர் சம்மதிக்கவில்லை. அதனால் ஒரு சின்ன பிளேயரில் போட்டு, ஹெட்போனோடு அனுப்புகிறேன். பெரிய பொத்தானை அழுத்தினால் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும்.

ஸ்டூடியோ ஸ்பீக்கரில் போட்டு நான் கொஞ்சம் கேட்டேன். இவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. முழுக்கக் கேட்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மருமகள்

*

மார்ச் 17

அம்மாடி,

கையெழுத்துப் போட்ட தாள் இந்த உறையில் இருக்கிறது. பார்த்துக்கொள்.

அவன்தான். அவனேதான். தொண்டையைக் கனைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பானே, அந்தக் கனைப்பு. போட்டோவுக்கு நிற்கும்போது உன்னிடம் "சிரி, இல்லேன்னா ஆல்பம் பூரா முறைச்சுக்கிட்டு இருப்ப" என்று கிசுகிசுக்கிறான். நீ அதற்கு "எனக்குக் கால் வலிக்குது" என்கிறாய். யாரோ பெரிய மனிதர் கை குலுக்கிவிட்டுப் போனதும் "இவர் யாரு?" என்று என்னைக் கேட்கிறான். "தெரியலையே, நீ கூப்பிட்டியோன்னு நினைச்சேன்" என்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் போன ஆள் யாரென்று இதுவரை தெரியாது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு டீச்சர் ஓடி வந்துவிட்டாள்.

மதியம் சாப்பிட்டபின் தினமும் கேட்கிறேன். எல்லோரும் போன பிறகு நாற்காலி மடிக்கிற சத்தம் வரைக்கும் விடாமல் கேட்கிறேன்.

கையெழுத்துப் போட்டது பேரத்துக்காக மட்டும் இல்லை. இவ்வளவு தெளிவாக ஒரு குரல் கிடைத்துவிட்டால் ஆள் இனி வர மாட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஏன் என்று கேட்காதே. போட்ட கையோடு எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டேன். ஏழு வருடமாகச் சாத்தி மட்டும் வைத்திருந்தேன். தாழ் துருப்பிடித்து இறுகியிருந்தது, தேங்காய் எண்ணெய் விட வேண்டியிருந்தது.

கடைசியில் அவன் 'அம்மா, கதவைத் திறங்க' என்கிறானே, அது மண்டபத்தில் எந்தக் கதவு? எனக்கு நினைவில் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

அத்தை

*

மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

தாள் கிடைத்தது. நன்றி என்று எழுதினால் அது சரியான சொல்லாக இல்லை. வேறு சொல் கிடைக்கவும் இல்லை.

நீங்கள் கேட்ட கதவு எது என்று எனக்குப் புரியவில்லை. அப்படி ஒரு பேச்சு அதில் கிடையாது. சந்தேகத்துக்கு நேற்று ஸ்டூடியோவில் கடைசி வரை ஓடவிட்டோம். நாற்காலி மடிக்கிறார்கள். யாரோ விளக்கை அணைக்கச் சொல்கிறார். அதற்கு முன்பே இவர் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி அணைத்துவிட்டார்கள். திரையில் பார்த்தால் இடப்பக்கம் அதற்குப் பிறகு வெறும் நேர்கோடு, பூஜ்யம். அங்கே குரல் இருக்க வழியே இல்லை.

உங்களிடம் இருப்பதும் எங்களிடம் இருப்பதும் ஒரே கோப்பின் பிரதிகள். இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினோம். பிழை திருத்துகிறவள் நான், அந்த ஒன்றில் ஏமாற மாட்டேன்.

சாப்பிட்டதும் கேட்கிறீர்கள். கண் அயர்ந்துவிட்டிருக்கும். கனவில் வந்திருப்பார். எனக்கும் முன்பெல்லாம் வருவார்.

மருமகள்

*

மார்ச் 30

அம்மாடி,

நான் தூங்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தூங்கினால் சீட்டுக் கிழிப்பார்கள். அந்தப் பழக்கம் போகுமா.

எந்த இடத்தில் என்று சொல்கிறேன், கேள். நாற்காலிச் சத்தம் அடங்குகிறது. 'லைட்டை ஆஃப் பண்ணுப்பா' என்று ஒரு குரல். ஷட்டர் இறங்குகிறது. பிறகு நீ சொல்கிற பூஜ்யம். கொஞ்ச நேரம் போக வேண்டும். நான் பிளேயரை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அதனால்தான் முதல் தடவை கேட்டது. காலடிச் சத்தம். செருப்பில்லாத கால், ஈரத்தரையில் நடக்கிற மாதிரி. இடது காதில் மட்டும். கிட்டே வந்து நிற்கிறது. அப்புறம் அவன், 'அம்மா, கதவைத் திறங்க.' கோபமில்லை. ஆபீசிலிருந்து வந்து நின்று கூப்பிடுவானே, அப்படித்தான்.

நேற்றிலிருந்து இன்னொரு வார்த்தை சேர்ந்திருக்கிறது. 'ஏன் தாழ் போட்டீங்க?'

டீச்சரைக் கேட்கச் சொன்னேன். ஒரு காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் இல்லை என்றாள். ஆனால் அவள் பின்னாலேயே வருகிற பூனை வாசல் நடையைத் தாண்டி உள்ளே வரவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு முதுகைத் தூக்கி நின்றது.

ஸ்பீக்கரில் வராது, காதில் வைத்தால்தான். உன் ஒலிப்பதிவாளரை ஹெட்போனில் கேட்கச் சொல். அவர்தானே நீ கட்டிக்கொள்ளப் போகிறவர்? நீ சொல்ல வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒருவரைப் பற்றி அவ்வளவு எழுதினால் தெரியாதா. அவன் குரலை அவ்வளவு பத்திரமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்தான்.

அத்தை

*

ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

அவர்தான். மறைத்து வைத்ததற்குக் கோபிக்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடி அவரைக் கேட்கச் சொன்னேன். போன சனிக்கிழமை, மதிய உணவு இடைவேளையில். பதிவு அறைக்குள் அவர் மட்டும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஷட்டர் இறங்கும் இடம் தாண்டியது. திரையில் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி 'நிறுத்தவா' என்று சைகை செய்தார். அப்போது அவர் முகம் மாறியது. நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ பெரியவர் அறைக்குள் வந்தால் உட்காருவோமே, அப்படி. ஒரு தடவை தலையை ஆட்டினார். 'சரி' என்று உதடு அசைந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வெளியே வந்தவர் ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். என்ன கேட்டது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, விடு" என்கிறார். நான்கு நாளாகச் சிரிக்கவில்லை.

நானும் போட்டுக் கேட்டேன், அத்தை. ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. சாப்பாட்டு இடைவேளை எல்லாம் அந்த அறையில்தான் போகிறது. எனக்குக் கேட்பது மண்டபத்தின் இரைச்சல், அப்புறம் ஷட்டர், அப்புறம் ஒன்றுமில்லை.

உங்களிடம் பேசுகிறார். முன்பின் அறியாத ஒருவரிடம் பேசுகிறார். எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? நான்தானே அவர் மனைவி. அந்த வீட்டை விட்டுக் கிளம்பியதற்குக் கோபமா? உங்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று. சின்ன விஷயம்தான். ஒலிப்பதிவாளர் எப்போதும் என் இடப்பக்கம் நடப்பார். இப்போது பஸ் நிறுத்தம் போகும்போது சுற்றி வந்து வலப்பக்கம் நடக்கிறார்.

மருமகள்

*

ஏப்ரல் 14

அம்மாடி,

உன் கடிதத்தை டீச்சர் படித்துக் காட்டினாள். கண் இப்போது எழுத்தில் நிற்பதில்லை. இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதும்போது அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

உனக்கு ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. முன்பு என்றால் 'உன்னிடம் சொல்ல அவனுக்கு ஒன்றும் இல்லை' என்று எழுதியிருப்பேன். இப்போது அப்படி எழுத மனம் வரவில்லை. உன் மேல் அவனுக்குக் கோபம் இருக்காது. அவனுக்குக் கோபப்படவே தெரியாது, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று.

இங்கே நிலைமை வேறு மாதிரி இருக்கிறது. அவன் இப்போது சீக்கிரமே வந்துவிடுகிறான். கேக் வெட்டும்போதே அடியில் அந்தக் காலடி கேட்கிறது. நேற்று பிளேயரைத் தொடவே இல்லை, மதியம் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே நடந்தது. டீச்சர் வந்து பார்த்து, வாசல் படியில் யார் தண்ணீர் கொட்டினார்கள் என்று கேட்டாள். இந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகிறது.

பயமா என்கிறாயா? பயம்தான். ஆனால் பெற்ற பிள்ளை வெயிலில் வாசலில் நின்று கூப்பிடும்போது எத்தனை நாள் உள்ளே உட்கார்ந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருப்பது? ஒரு நாள் பொறுத்தேன், ஒரு வாரம் பொறுத்தேன். வெள்ளிக்கிழமை கதவைத் திறக்கப் போகிறேன். டீச்சருக்கு அன்று பள்ளியில் பரீட்சை. அவள் இல்லாமல் இருந்தால் நல்லது. அவளுக்கு இரத்தக் கொதிப்பு.

அத்தை

*

ஏப்ரல் 16

அத்தை,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்துவிடும் என்கிறார்கள். போன் அடித்துப் பார்த்தேன், நீங்கள் எடுக்கவில்லை. தயவுசெய்து கதவைத் திறக்காதீர்கள்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். புதன்கிழமை ஒலிப்பதிவாளரை உட்காரவைத்துக் கேட்டேன். என்ன கேட்டது என்று சொல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றேன். சொன்னார்.

"ஒரு ஆள் பேசினார். பேர் சொல்லிக் கூப்பிடல. 'அவளுக்கு இடது காது கேட்காது. சொல்ல மாட்டா. நீங்க வலது பக்கமா நடங்க' அப்படின்னார். நான் சரின்னேன். வேற என்ன சொல்ல?"

அத்தை, இது உங்களுக்கே தெரியாது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து என் இடது காது போய்விட்டது. பெண் பார்க்க வரும்போது சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கல்யாணமான முதல் வாரத்திலேயே இவர் கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லவில்லை, என் வலப்பக்கமாக நடக்க ஆரம்பித்தார், அவ்வளவுதான். ஒலிப்பதிவாளருக்கு நான் சொல்லவில்லை. சத்தத்தோடு வாழ்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அதைக் கேட்டு முதலில் எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் புத்தி வேலை செய்தது. அந்தக் குரல் இடப்பக்கத்தில் மட்டும் இருக்கிறது. நான் இத்தனை நாளும் அதைக் கேட்காத காதில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஷட்டர் இறங்கியது. நேர்கோடு. காத்திருந்தேன். காலடி வந்தது. நீங்கள் சொன்னது போலவே, ஈரத்தரையில் வெறுங்கால். ஆனால் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு இரும்புத் தாழ் ஒன்று கிரீச்சென்று விலகியது. அடுத்து கேட்டது உங்கள் குரல், அத்தை. வரவேற்பு அன்றைய குரல் இல்லை. இப்போதைய குரல், பல் போன பிறகு வந்த குரல்.

"வாப்பா. ஈரத்தோட நிக்காத. உள்ள வா."

கதவு மூடியது. உள்ளேயிருந்து யாரோ தாழ் போட்டார்கள். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

நீங்கள் வெள்ளிக்கிழமைதான் திறக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது புதன்கிழமை. அது மார்ச் மாதம் எடுத்த கோப்பு. வட்டு எழுதப்பட்டது எங்கள் கல்யாணத்தின்போது.

ஒலிப்பதிவாளரும் கேட்டார். அவர் சொன்னது இது: "நாம எதையும் சேர்க்கல. இருந்ததைத்தான் எடுத்தோம். அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். அதுவரை டீச்சர் வீட்டில் இருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மருமகள்

*

ஏப்ரல் 18

அம்மாடி,

உன் கூரியர் இன்று காலையில்தான் வந்தது, டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றே படித்துக் காட்டினாள். சனிக்கிழமை. இதை டீச்சர் கையில் கொடுத்து உன் வீட்டு முகவரிக்குக் கூரியரில் போடச் சொல்லப் போகிறேன். ஞாயிறு நீ கிளம்பும் முன் கிடைக்குமா தெரியாது. கிடைக்காவிட்டால் வந்து தெரிந்துகொள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள், நானேதான் எழுதுகிறேன். டீச்சர் இனி உள்ளே வர மாட்டாளாம். வாசலுக்கு வெளியே நின்று உறையை வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள்.

நேற்று மதியம் திறந்தேன். நல்ல வெயில். தெருவில் ஆள் இல்லை. தாழைத் தள்ளும்போது கிரீச்சென்றது, எண்ணெய் விட்டும் போதவில்லை. திறந்தால் யாரும் இல்லை. படி மட்டும் நனைந்து, பாசி வாடை. ஆளில்லாத அந்தப் படியைப் பார்த்துத்தான் பேசினேன். நீ எழுதியிருக்கிற அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் வேறு என்ன சொல்லியிருப்பேன்? வாசலில் நிற்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

பக்கத்தில் காற்று ஜில்லென்று கடந்து போனது. நான் கதவைச் சாத்தினேன். தாழ் போட்டது நான் இல்லை.

நீ ஓடி வர வேண்டியதில்லை. ஆனால் வா. அவரையும் கூட்டிக்கொண்டு வா. உன் வலப்பக்கமாகவே நடந்து வரட்டும். என் பிள்ளை ஒன்றும் சொல்ல மாட்டான். நான் கேட்டுவிட்டேன்.

காது விஷயத்தை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். நீ எத்தனையோ தடவை நான் கூப்பிட்டும் திரும்பாமல் போயிருக்கிறாய். திமிர் என்று நினைத்து வருடக்கணக்காக மனதில் வைத்திருந்தேன். நேற்று அதை நினைத்துத்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

பிளேயரைப் போட்டுப் பார்த்தேன். இப்போது அதில் கதவும் இல்லை, காலடியும் இல்லை. நாற்காலி மடிக்கிறார்கள், ஷட்டர் இறங்குகிறது, முடிந்துவிடுகிறது.

அவன் அறையில் விளக்குப் போடச் சொன்னான், போட்டுவிட்டேன். பேச்சு குறைந்துவிட்டது. குளிர்கிறது என்கிறான், அதைத்தான் அடிக்கடி சொல்கிறான். நேற்று மதியத்திலிருந்து துடைத்துக்கொண்டே இருக்கிறேன். என் புடவைகள் வரைக்கும் எடுத்தாகிவிட்டது. வெயிலில் போட்டாலும் சொட்டுகிறது.

வரும்போது நல்ல தடிமனான துண்டாக நாலைந்து வாங்கி வா. இந்த வீட்டில் எதுவும் காய மாட்டேன் என்கிறது.

அத்தை